டாக்கிகார்டியா என்றால் நோயா? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: நாடி, பிபி, காய்ச்சல், மூச்சு, ஆக்சிஜன். ஆஸ்பத்திரியில் 'வைட்டல்ஸ்' என்று சொல்கிறார்களே, அவைதான். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நிமோனியாவுக்காக அம்மாவை அட்மிட் செய்து, இப்போது வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அட்மிஷனின்போது ஃபெப்ரைல், டாக்கிகார்டிக், டாக்கிப்னிக், நார்மோடென்சிவ்' என்று இருக்கிறது. எங்களிடம் நிமோனியா என்று மட்டும்தான் சொன்னார்கள். மற்ற நான்கு நோய்களையும் மறைத்துவிட்டார்களா டாக்டர்?

யாரும் எதையும் மறைக்கவில்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நான்கில் ஒன்றுகூட நோயின் பெயர் கிடையாது. அம்மாவை உள்ளே கொண்டுவந்த நேரத்தில் காய்ச்சல் இருந்தது, நாடி வேகமாக ஓடியது, மூச்சு வேகமாக வாங்கியது, பிபி மட்டும் சரியாக இருந்தது. அந்த ஒரு வரி சொல்வது இவ்வளவுதான்.

இந்தச் சொற்களைப் பார்த்து மிரள்பவர்கள் நிறைய பேர், ஆனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் பிடிபட்டுவிடும், ஏனென்றால் திரும்பத் திரும்ப அதே துண்டுகள்தான் வருகின்றன. முன்னால் 'டாக்கி' வந்தால் வேகம், 'பிராடி' வந்தால் மந்தம், 'ஹைப்பர்' அதிகம், 'ஹைப்போ' குறைவு, 'நார்மோ' சரியான அளவு, 'ஏ' என்று ஒட்டிக்கொண்டால் அது இல்லை என்று பொருள் (காய்ச்சல் இல்லாதவர் 'ஏஃபெப்ரைல்', மூச்சு நின்றுபோவது 'ஆப்னியா'). பின்னால் வரும் 'கார்டியா' இதயம், 'ப்னியா' மூச்சு, 'தெர்மியா' உடல்சூடு, 'டென்ஷன்' ரத்த அழுத்தம். மனசு டென்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஹைப்பர்டென்ஷன் என்று எழுதியதைப் பார்த்து 'நான் கவலையே படுவதில்லையே' என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் குடும்பத்தில் 'டிஸ்ப்னியா' மட்டும் கொஞ்சம் தனி, அது நோயாளி தானே உணரும் மூச்சுத்திணறல். மூச்சு வேகமாக இருந்தும் திணறலே தெரியாதவர்களும் இருக்கிறார்கள், எண்ணிப் பார்த்தால் சரியாக இருந்தும் திணறுகிறது என்பவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறோம்.

சரி, நிமோனியாவில் ஏன் மூன்றும் சேர்ந்து வந்தன? கிருமியை எதிர்க்க உடம்பு சூட்டை ஏற்றுகிறது. சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே நாடி சுமார் பத்துத் துடிப்பு கூடும். நுரையீரலின் ஒரு பகுதி நீராலும் சளியாலும் அடைபட்டு ஆக்சிஜன் குறையும்போது அதை ஈடுகட்ட மூச்சு வேகமெடுக்கிறது. ஆக, டாக்கிகார்டியாவுக்குத் தனி மாத்திரை தேடவேண்டாம், காரணம் சரியானால் நாடி தானாக இறங்கும். ரத்தசோகை, உடம்பில் நீர் வற்றுவது, தைராய்டு அதிகம் சுரப்பது, பயம், வலி என எத்தனையோ காரணங்களில் நாடி 100-ஐத் தாண்டும், ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டியது 'எதனால்?' என்பதுதான். இதயத்தின் மின்னோட்டத்திலேயே கோளாறு வந்து உட்கார்ந்த இடத்தில் திடீரென்று 150, 180 என்று எகிறுவது வேறு, அதற்கு உடனே இசிஜி எடுக்கவேண்டும்.

அப்புறம், அந்த வரியில் நல்ல செய்தி 'நார்மோடென்சிவ்'. கிருமியின் பாதிப்பு உடம்பு முழுக்கப் பரவினால் முதலில் நாடி ஏறும், பிறகு பிபி சரியும். அம்மாவுக்கு அந்தச் சரிவு வரவில்லை. அதே தாளின் கடைசிப் பக்கத்தில் 'டிஸ்சார்ஜின்போது' என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அம்மா எவ்வளவு தூரம் தேறி வந்திருக்கிறார் என்று புரியும்.

கேள்வி: வயது 34, தினமும் ஓடுகிறேன். இரவில் நாடி 48 என்று கைக்கடிகாரம் எச்சரிக்கிறது. பிராடிகார்டியா என்று போட்டிருக்கிறது. பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வருமா?

60-க்குக் கீழே போனால் பிராடிகார்டியா என்பது வரையறை, அந்தக் கணக்கில் கடிகாரம் சொன்னது சரி. ஆனால் தொடர்ந்து ஓடுபவரின் இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும், அதனால் குறைந்த துடிப்பே அதற்குப் போதும். தூக்கத்தில் அது இன்னும் இறங்கும். தலைசுற்றல், மயக்கம், மாடி ஏறினால் முன்பில்லாத களைப்பு, மூச்சு வாங்குதல் எதுவும் இல்லையென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. இவற்றில் ஏதாவது இருந்தாலோ, ஓடும்போதும் நாடி ஏற மறுத்தாலோ இசிஜி எடுங்கள். உடற்பயிற்சியே செய்யாத ஒருவருக்கு 48 வந்தால் நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறாரா, தைராய்டு குறைவா, இதயத்தில் மின்னோட்டம் தடைபடுகிறதா என்று பார்ப்போம்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் பார்த்தால் 152/94, வீட்டு மெஷினில் 128/80. எது உண்மை? மேலே, கீழே என்று இரண்டு எண் எதற்கு?

இரண்டுமே உண்மைதான், அந்தந்த நேரத்து உண்மை. எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போது ரத்தக்குழாய் நசுங்கி ரத்தம் போவதே நின்றுவிடும், ஸ்டெதாஸ்கோப்பில் நிசப்தம். காற்றை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் 'டப்' என்று முதல் சத்தம் கேட்கும், இதயம் அழுத்தித் தள்ளும் ரத்தம் நசுங்கிய குழாயை முட்டித் திறக்கும் நொடி அது. அந்த எண்தான் மேலே எழுதும் சிஸ்டாலிக். இன்னும் இறக்க இறக்க டப் டப் என்று தொடர்ந்து, பிறகு மங்கி, சட்டென்று ஓய்ந்துவிடும். ஓய்ந்த இடம் கீழே எழுதும் டயஸ்டாலிக், இதயம் தளர்ந்திருக்கும் நேரத்திலும் குழாய்க்குள் மிச்சமிருக்கும் அழுத்தம். பட்டையைக் கட்டும் முறையை 1896-ல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கொண்டுவந்தார், இந்தச் சத்தங்களை 1905-ல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரொட்கோவ் விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் 'கொரொட்கோவ் சத்தம்' என்கிறோம். வீட்டு மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை, குழாயின் அதிர்வை வைத்துக் கணக்குப் போடுகிறது.

ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறுவதற்கு 'வெள்ளைக்கோட்டு ஹைப்பர்டென்ஷன்' என்று பெயர், டாக்டரைக் கண்டதும் ஏறுகிற பிபி. இதற்கு நேர்மாறாக ஒன்று உண்டு, டாக்டர் முன்னால் சாதுவாக 126/78 காட்டிவிட்டு வீட்டிலும் வேலையிடத்திலும் ஏறி நிற்பது. 'மறைந்த ஹைப்பர்டென்ஷன்' என்பார்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இரண்டாவதுதான், ஏனென்றால் யாரும் தேடமாட்டார்கள். ஆஸ்பத்திரி அளவுக்கு 140/90, வீட்டுச் சராசரிக்கு 135/85 என்ற கோட்டைப் பல நாடுகளில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017-ல் அதை 130/80-க்கு இறக்கின. எந்தக் கோடாக இருந்தாலும் ஒரே ஒருமுறை பார்த்ததை வைத்து ஹைப்பர்டென்ஷன் என்று முத்திரை குத்தக் கூடாது.

உங்கள் வீட்டு எண்ணை நம்பலாமா என்பது நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் வேண்டாம், கை மேஜைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது, பேசவே கூடாது. அரைமணி நேரம் முன்பிருந்தே காபி, சிகரெட் வேண்டாம். கை பருமனாக இருப்பவருக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் எண் பொய்யாக ஏறும், இது வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை என ஒரு வாரம் எழுதி, அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். ஆஸ்பத்திரியில் ஒரே ஒருமுறை பார்க்கிற எண்ணைவிட அந்தத் தாள் அதிகம் சொல்லும்.

ஒருநாள் திடீரென்று 180/120 காட்டினால்? ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். எதுவுமே இல்லாமல் எண் மட்டும் அப்படியே நின்றால் அன்றைக்கே உங்கள் டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையை நாக்குக்கடியில் வைத்து ஒரேயடியாக இறக்காதீர்கள், மூளைக்கும் இதயத்துக்கும் போகிற ரத்தம் சட்டென்று குறைந்துவிடும்.

கேள்வி: எனக்கு எப்போதும் 100/60தான். தலைசுற்றினாலே 'உனக்கு லோ பிபி' என்கிறார்கள். மருந்து வேண்டுமா?

எப்போதுமே 100/60 இருந்து, நன்றாக நடமாடுகிறீர்கள் என்றால் அது உங்கள் உடம்பின் இயல்பு. 90/60-க்குக் கீழே போனால் ஹைப்போடென்ஷன் என்று பொதுவாக வைத்திருக்கிறோம், அதிலும் தொந்தரவு இருந்தால்தான் வைத்தியம். தலைசுற்றல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது வருகிறதென்றால் படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிபி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதற்கு 'ஆர்த்தோஸ்டேடிக் ஹைப்போடென்ஷன்' என்று பெயர். தண்ணீர் போதாமை, பிபி மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, நெடுநாள் சர்க்கரை நோய் எல்லாம் இதைக் கொண்டுவரும். வயதானவர்கள் இரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது விழுவதற்கு இது ஒரு பெரிய காரணம், விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் பலர் இதைப் பார்க்கவே செய்கிறார்கள். படுக்கையின் ஓரத்தில் ஒரு நிமிடம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்குச் சாயங்காலமானால் 99 காட்டுகிறது. காலையில் 97.8. உள்காய்ச்சலா?

இல்லை. உடம்புச் சூடு விடியற்காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும், எல்லோருக்கும். 98.6 என்ற எண் மனதில் இப்படிப் பதிந்ததற்கு 1868-ல் புத்தகம் போட்ட ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிச் காரணம். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்து 37 செல்சியஸ் என்று கண்டவர் அவர். 1992-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் ஆரோக்கியமானவர்களின் சராசரி 98.2 என்றுதான் வந்தது. பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டால்தான் காய்ச்சல் என்று எழுதுவோம்.

இதிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இரண்டையும் குழப்பிக்கொள்வதால் உயிரே போகிறது. காய்ச்சலில் மூளையே சூட்டின் அளவை உயர்த்தி வைக்கிறது, அதனால் பாராசிட்டமால் கேட்கும். 'ஹைப்பர்தெர்மியா' அப்படியில்லை, வெயிலில் வேலை செய்தவருக்கு உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் போய் ஏறுகிற சூடு. அங்கே பாராசிட்டமால் உதவாது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். பேச்சு தடுமாறினால், நினைவு தப்பினால் ஹீட் ஸ்ட்ரோக், ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.

எதிர்ப்பக்கம் 'ஹைப்போதெர்மியா', 35 செல்சியஸுக்குக் கீழே. குளிரில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள், கடுமையான கிருமித்தொற்றில் வயதானவர்களுக்கும் பச்சைக்குழந்தைகளுக்கும் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போவதுண்டு. அது காய்ச்சலைவிட மோசமான அறிகுறி.

கேள்வி: நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நாடி பார்க்க அவ்வளவு நேரமா? மூச்சை எண்ணுவதாகப் பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார். எதற்கு இந்த மறைமுக வேலை?

அந்த நர்ஸுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 'உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்' என்று சொன்ன அடுத்த நொடியே மூச்சின் போக்கு மாறிவிடும், நீங்களே இப்போது உங்கள் மூச்சைக் கவனித்துப் பாருங்கள், தெரியும். அதனால் நாடி பார்ப்பதுபோலவே கையைப் பிடித்தபடி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஓரக்கண்ணால் முழுசாக ஒரு நிமிடம் எண்ணுவார்கள். ஏறி இறங்கினால் ஒன்று. பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலும் நான்கு கூடிவிடும், குறைந்துவிடும்.

வைட்டல்ஸிலேயே அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இந்த எண்தான், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். மற்றதற்கெல்லாம் மெஷின் இருக்கிறது, இதற்கு ஒரு ஆள் நின்று எண்ண வேண்டும், அதனால் எண்ணாமலேயே தாளில் '18', '20' என்று எழுதிவிடும் பழக்கம் வார்டுகளில் இருக்கிறது. ஆனால் உடம்பு மோசமாகப் போகும்போது பல நேரம் முதலில் மாறுவது மூச்சுதான், பிபி சரிவதற்குப் பல மணி நேரம் முன்பே. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த, நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று வைட்டல்ஸை வைத்துக் கணிக்கும் 'நியூஸ்' என்ற மதிப்பெண் முறையில் நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டாலே மூச்சுக்கு மட்டும் உச்ச மதிப்பெண்ணான 3, எட்டுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கினாலும் 3 (அளவு மீறிய வலிமருந்தோ தூக்க மருந்தோ இப்படி மந்தப்படுத்தும், அதுதான் 'பிராடிப்னியா').

குழந்தைகளுக்கு வேறு கணக்கு, இதை வீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். இருமலோ சளியோ இருக்கும் குழந்தையின் மூச்சு இரண்டு மாதத்துக்குள் 60-ஐயும், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50-ஐயும், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-ஐயும் தொட்டால் அது வேக மூச்சு, நிமோனியாவா என்று பார்த்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு இது. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

எண்ணோடு சேர்த்து மூச்சின் விதத்தையும் பார்ப்போம். மெல்ல ஆழமாகிக்கொண்டே போய், மெல்லக் குறைந்து, சிறிது நேரம் நின்றேபோய், மறுபடி தொடங்கும் மூச்சுக்குச் 'செயின் ஸ்டோக்ஸ்' என்று பெயர், இதயம் தளர்ந்தவர்களிடமும் பக்கவாதத்திலும் கடைசி நாட்களிலும் பார்க்கலாம். சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் அமிலம் ஏறியவர் ஓடி வந்தவர்போல ஆழ ஆழ மூச்சு வாங்குவார், அது 'குஸ்மால்' மூச்சு. ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலர் கொடுத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும், உடனே சர்க்கரையைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). ஆக்சிமீட்டரில் 90 காட்டுகிறது. எனக்கு 98. ஆக்சிஜன் சிலிண்டரைக் கூட்டி வைக்கலாமா?

நீங்களாகக் கூட்டாதீர்கள். சிஓபிடி உள்ள பலருக்கு நாங்கள் குறிவைப்பதே 88 முதல் 92 வரைதான், அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் அவர்கள் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்க நிலைக்குப் போய்விடுவார்கள். மற்றவர்களுக்குப் பொதுவாக 95 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் தவறும், கறுத்த தோலில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. மூடிய அறையில் கரி எரித்து கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்கு 99 காட்டிக்கொண்டே உயிர் போகும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது 'ஹைப்பாக்சீமியா', உறுப்புகளுக்குப் போய்ச் சேராமல் போவது 'ஹைப்பாக்சியா'. கடுமையான ரத்தசோகை உள்ளவருக்கு முதலாவது இல்லாமலேயே இரண்டாவது வரும்.

கேள்வி: 'பேஷன்ட் ஷாக்கில் இருக்கிறார்' என்றார்கள். அதிர்ச்சியான செய்தி எதுவும் நாங்கள் சொல்லவில்லையே?

மன அதிர்ச்சியைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை. உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேரவில்லை என்பதே ஷாக். நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடும், கைகால் சில்லிடும், சிறுநீர் குறையும், பிபி கடைசியில்தான் சரியும். டெங்குவில் இதை நுணுக்கமாகப் பார்க்கவேண்டும், மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே சுருங்கினால், உதாரணமாக 100/82, மேல் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. அதுவே ஷாக்.

கேள்வி: ஐசியூவில் அண்ணனின் மானிட்டர் அடிக்கடி அலறுகிறது, யாரும் ஓடி வருவதில்லை. கேட்டால் 'வைட்டல்ஸ் ஸ்டேபிள்' என்கிறார்கள். நம்பலாமா?

விரல் கிளிப் நழுவினாலும், இருமினாலும், நெஞ்சில் ஒட்டிய வில்லை பிசகினாலும் அலாரம் அடிக்கும். பிபி பட்டையும் விரல் கிளிப்பும் ஒரே கையில் இருந்தால், பட்டை இறுகும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் எண் காணாமல்போய் மெஷின் கத்தும், பட்டை தளர்ந்ததும் திரும்ப வந்துவிடும். நர்ஸ்கள் திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓடும் அலையைப் பார்த்தே நிஜமா பொய்யா என்று கண்டுகொள்வார்கள். 'ஸ்டேபிள்' என்றால் மாறாமல் ஒரே நிலையில் இருக்கிறது என்று பொருள், நன்றாகிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிபி மருந்தின் தயவில் நிற்கிறதா, தானாக நிற்கிறதா, மருந்தின் அளவு நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், அந்தப் பதிலில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கும். மானிட்டர் அமைதியாக இருந்தாலும், அண்ணன் பேசும் விதம் மாறினாலோ, மூச்சு வாங்குவது கூடினாலோ தயங்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.